ஒன்பதரை மில்லிமீட்டர்

தராசுக்காரர் தன் உடம்பு இளைக்கிறது என்று முதலில் நம்பவில்லை. மிஷின்தான் தப்பு என்றார்.

கடைகளில் இருக்கும் எடை மிஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சரி செய்த மிஷினை உடனே திருப்பிக் கொடுத்துவிட மாட்டார். இரண்டு நாள் வீட்டு முன்னறையில் வைத்து, போகும்போதும் வரும்போதும் அதன் மேல் ஏறி நின்று பார்ப்பார். ஒரு நாள் காலை அப்படி ஏறியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். பெட்டியைத் திறந்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தார். எண்கள் சரியாக வந்தன. மறுபடி ஏறினார். நாலு கிலோ குறைவு.

"கல்லுல பிசுக்கு ஏறியிருக்கும். கல்லு கனமாயிட்டா மிஷின் ஆளைக் குறைச்சுக் காட்டும்," என்றார்.

கற்களைத் துடைத்தார். அப்படியும் மனசு ஆறாமல் சோதனை நிலையம்வரை தூக்கிக்கொண்டு போய் சரிபார்த்து வந்தார். கல்லில் பிசகில்லை. அதற்குள் இன்னும் ஒரு கிலோ போயிருந்தது.

"கல்லைச் சந்தேகப்படுறீங்க, மிஷினைச் சந்தேகப்படுறீங்க. உடம்பை மட்டும் சந்தேகப்பட மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"தொழில் பழக்கம்டி கண்ணாடிக்காரி. அடுத்தவன் மிஷினைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கறது சரியான்னு பாத்துக்கணும். இல்லேன்னா கடைக்காரன் அடிக்க வருவான்."

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துகிறவள். இருபது வருஷமாக அதே மேசை, அதே விளக்கு. கல்யாணமான புதிதில் வேடிக்கைக்காக அவர் கண்ணாடிக்காரி என்று கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. அவளும் வெளியாட்களிடம் அவரை 'எங்க தராசுக்காரர்' என்றுதான் சொல்வாள். குழந்தை இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

முதுகுவலியும் வந்து சேர்ந்தபிறகுதான் ஸ்கேன் எடுக்கப் போனார். கணையத்தின் வால்பகுதியில் நிழல்போல ஏதோ தெரிகிறது, படங்களை நிபுணரிடம் காட்டி முடிவு செய்யவும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். படங்கள் மறுநாள் டிஸ்க்கில் தயாராகும் என்றார்கள். மறுநாள் அவருக்கு ஒரு மொத்தக் கடையில் வேலை, இவளுக்குக் கடையில் லீவு இல்லை. அவருடைய அக்கா வீடு அந்தப் பக்கம்தான். நாத்தனாரே போய் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்து, வெள்ளை உறையோடு தம்பி கையில் கொடுத்தாள்.

நிபுணர் வேறு ஊர்க்காரர். படங்களை முதலில் மெயிலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுத் தேதி தருகிறோம் என்று அவருடைய உதவியாளர் போனில் சொன்னார். இந்தக் காலத்து லேப்டாப் எதிலும் டிஸ்க் போட இடமில்லை. தராசுக்காரரிடம் இருந்தது பழசு. கீழே நாலு ரப்பர் கால்களில் இரண்டைக் காணோம், பேட்டரியைக் கழற்றி மாட்டலாம், பக்கவாட்டில் டிஸ்க் டிரைவ் உண்டு. எடை மிஷின்களோடு வரும் டிஸ்க்குகளுக்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

டிஸ்க்கைப் போட்டார். டிரைவ் சுற்றியது, டக் டக் என்றது, நின்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை படித்தது, அடுத்த தடவை படிக்கவில்லை. தட்டு கேட்காமலே வெளியே வந்து நின்றது.

"டிரைவ் போச்சு. மாத்திடறேன். ஒரு ஸ்க்ரூ வேலை," என்றார்.

வேறெங்காவது கொடுத்துத் திறந்து பார்க்கலாமே என்று அவள் கேட்டாள். "ஊர்ல இருக்கற மிஷினையெல்லாம் சரி பண்றவன், என் வயித்தைத் தூக்கிட்டுப் போய் எவன் கடையிலயாவது திறந்து காட்டணுமா?" என்றார்.

புது டிரைவ் வாங்கி வந்தார். உள்ளே போகவில்லை. இரண்டு வகை உண்டாம். தடித்தது பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல், மெல்லியது ஒன்பதரை. கால் கிராம் பிசகினால் கண்டுபிடிக்கிற மனுஷன், மூன்று மில்லிமீட்டரில் கோட்டை விட்டிருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெல்லியதற்குச் சொல்லிவைத்தார். அதுவரைக்கும் பழைய டிரைவையே சரிபண்ணிப் பார்ப்போம் என்று சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைப் பிரித்துப் போட்டார். தினமும் கொஞ்சம் பிரிப்பார், களைப்பாகிப் படுத்துவிடுவார். நாலாம் நாள் அவள் வாயில் வைத்த கவளத்தில் ஒரு ஸ்க்ரூ கடிபட்டது.

கடையில் அன்றைக்கு அவள் முதலாளியிடம் பாட்டு வாங்கிய நாள். பல்லும் வலித்தது. "இந்தக் குப்பையை என் கண்ணு முன்னாடியிருந்து எடுங்க," என்று கத்தினாள். "இது திறந்தாத்தான் உங்க வயிறு சரியாகணும்னா அப்படி ஒண்ணும் சரியாக வேணாம்."

ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பொறுக்கி லேப்டாப்பைப் பூட்டினார். உறையையும் சேர்த்து அலமாரியின் மேல் வைத்தார். தம்பியைப் பார்க்க வந்திருந்த நாத்தனார் அப்போது சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அலமாரி மேல் அது ஐந்து வாரம் கிடந்தது. இடையில் வலி குறைந்தாற்போலக்கூட இருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு கடையில், மிஷினைத் தூக்கப் போனவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பழைய படத்தை யாரும் கேட்கவில்லை, புதிதாகவே எடுத்தார்கள். ஈரலெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். பத்து வாரத்தில் எல்லாம் முடிந்தது.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னாள்: "அன்னிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி மேல போடச் சொன்னாளே, அன்னிக்கே என் தம்பிய மேல அனுப்பிட்டா. அவன் சரியாக வேணாம்னு இவ வாயால சொன்னா. நான் காதால கேட்டேன்."

கண்ணாடிக்காரி மறுக்கவில்லை. சொன்னது உண்மைதானே.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். முதல் ஸ்கேனில் அது எவ்வளவு இருந்தது? அன்றைக்கே முற்றியிருந்தால் அந்த ஐந்து வாரத்தால் ஒன்றும் மாறியிருக்காது. சின்னதாக இருந்திருந்தால், அவள் வாய்தான் கொன்றது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பார்த்த டாக்டரைப் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். "முதல் படத்தையும் ரெண்டாவது படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா சொல்லலாம்மா. தாள்ல எழுதினதை வெச்சுச் சொல்ல முடியாது." ஸ்கேன் நிலையத்தில் விசாரித்தாள். மூன்று மாசம்தான் மிஷினில் வைத்திருப்போம், பிறகு அழிந்துவிடும் என்றார்கள். மூன்று மாசம் எப்போதோ கடந்துவிட்டது.

மிச்சம் இருந்தது அலமாரி மேல் இருக்கும் டிஸ்க் ஒன்றுதான்.

உதிரிபாகக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் பழைய விசைப்பலகைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாடல் எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"இந்த மாடலுக்குப் பார்ட் கேட்டு வர்றவங்க ரெண்டே வகைதாம்மா. ஒண்ணு பிடிவாதக்காரங்க. இன்னொண்ணு பிடிவாதக்காரங்களோட பொண்டாட்டிங்க."

"நான் ரெண்டாவது," என்றாள்.

"டிரைவா? தடிசா, மெல்லிசா?"

"ஒன்பதரை மில்லிமீட்டர்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க தராசுக்காரர் வீடா? அதானே பாத்தேன். மில்லிமீட்டர்ல கேக்கறாங்களேன்னு." பின்னால் திரும்பி ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். "அவருக்குன்னு வாங்கி வெச்சது இங்கயேதான் கிடக்கு. நாலே நாள்ல வரவழைச்சேன். வெளியில சொருகுற டிரைவ் ஒண்ணு தரேன், ரெண்டு நிமிஷத்துல வேலை முடியும்னு சொன்னேன், கேக்கலையே மனுஷன். உள்ள இருக்கறதைச் சரிபண்ணாம வெளிய ஒண்ணைத் தொங்க விடறதான்னு என்னையே திட்டினார். எப்படி இருக்காரு?"

அவள் சொன்னாள்.

கடைக்காரர் பெட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அவர் கடையில் கழிவுச் சாமான் நிறுக்கிற மிஷின்கூட தராசுக்காரர் சரி செய்ததுதானாம். அதைக் காட்டினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"போன் பண்ணீங்களா?" என்றாள் அவள். "இது வந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேம்மா. ரெண்டு தடவை." தயங்கினார். "'வீட்ல இப்ப வேணாம்னு இருக்காங்க, அப்புறம் வந்து வாங்கிக்கறேன்'னாரு."

பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது இரண்டு தெரு கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்தாள். கண்ணாடிக்காரிதான் வரச் சொல்லியிருந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"எதுக்குக் கூப்பிட்டே?" என்றாள் நாத்தனார், செருப்பைக் கழற்றாமல்.

"டிஸ்க்கைத் திறக்கப் போறேன் அண்ணி. நீங்களும் இருங்க."

"நான் எதுக்கு? எனக்கு அந்தப் படத்தைப் பாத்தா தலையும் தெரியாது காலும் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது. திறந்தா டாக்டருக்கு அனுப்புவேன். அவர் சொல்றதை ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம். அன்னிக்கே முத்தியிருந்துச்சுன்னா நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. இல்லேன்னா நீங்க சொன்னது சரி. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரின்னு ஆயிட்டா என்ன பண்ணுவே?"

"தெரியல."

நாத்தனார் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். "இளைச்சுப் போயிட்டே," என்றாள், குற்றம் சொல்வதுபோல.

கண்ணாடிக்காரி ஜன்னலோரமாக மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தாள். கடையில் பயன்படுத்துகிற சின்னத் திருப்புளிகளையும் கொண்டுவந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் காதின் ஸ்க்ரூவைவிட இந்த லேப்டாப் ஸ்க்ரூ பெரியது. அந்த வேலையில் அவளுக்குப் பயமில்லை.

லேப்டாப்பைக் கவிழ்த்தாள். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடிப்பக்கத்தில் வட்டமாக டிஸ்க் படம் போட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு ஸ்க்ரூ. தலை தேய்ந்திருந்தது. அவர் எத்தனை தடவை கழற்றி மாட்டினாரோ. திருப்புளியை அழுத்திப் பிடித்து மெல்லத் திருப்பினாள். வந்தது. பக்கவாட்டு விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்ததும் பழைய டிரைவ் மேசை இழுப்பறைபோல நழுவி வெளியே வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் நாத்தனார்.

"இவ்வளவுதான்."

"இதுக்கா அத்தனை நாளு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

பழைய டிரைவின் முகப்பு மூடியையும், பின்பக்கம் இருந்த சின்னத் தகட்டையும் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். மூடியைக் கழற்ற முதலில் தட்டு வெளியே வர வேண்டும். மின்சாரம் இல்லாமல் தட்டு வராது. முகப்பில் இருக்கும் ஊசித்துளையில் ஒரு காகித கிளிப்பை நிமிர்த்திக் குத்தினாள். தட்டு ஒரு விரற்கடை வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. டிஸ்க் உறையில்தான் இருந்தது. மூடியின் கொக்கிகளை நெம்பி எடுத்தாள். தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றினாள். அவள் கை ஓடிக்கொண்டிருந்ததை நாத்தனார் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே பண்ணத் தெரிஞ்சவதானே," என்றாள் திடீரென்று. "அப்ப அவன் திணறினப்ப ஏன் பண்ணிக் கொடுக்கல?"

கண்ணாடிக்காரியின் கை நின்றது. "அவர் கேக்கல. நானும் கேக்கல."

"நல்லா இருந்தீங்க ரெண்டு பேரும்."

"நல்லாத்தான் இருந்தோம் அண்ணி," என்றாள் அவள். அது சத்தியமாக உண்மை. அதனால்தான் ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை. அவர் மேசையில் அவள் கை வைக்க மாட்டாள், அவள் திருப்புளியை அவர் தொட மாட்டார். அதை அவர்கள் மரியாதை என்று நினைத்திருந்தார்கள்.

புது டிரைவ் உறுத்தாமல் உள்ளே போனது. கடைசியில் மட்டும் லேசாக அழுத்த வேண்டியிருந்தது. ஸ்க்ரூவை முடுக்கி, பேட்டரியைப் பூட்டி, லேப்டாப்பை நிமிர்த்திப் போட்டாள். திரை வெளிச்சமாவதற்கு நெடுநேரம் ஆனது. அவருடைய பெயருக்குக் கீழே கட்டம் வந்து நின்றது. கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அவர்களுடைய கல்யாண எடை. இரண்டு பேரும் சேர்ந்து மிஷினில் ஏறி நின்று எடுத்த எடை.

முதலில் எடை மிஷின் டிஸ்க் ஒன்றைப் போட்டாள். ஸ்கேன் டிஸ்க்கை எடுத்த எடுப்பில் போட அவளுக்குத் துணிச்சல் இல்லை. தன் கையில் இருப்பது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். சுற்றியது, சத்தமில்லை, கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி வந்தன.

"நல்லா வேலை செய்யுது," என்றாள்.

நாத்தனார் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளை உறையிலிருந்து டிஸ்க்கை எடுத்துத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். சுற்றியது. சின்ன விளக்கு மினுக்கியது. திரையில் ஒரு கட்டம் எழுந்தது. இது காலி டிஸ்க், இதை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று கேட்டது. கீழே, டிஸ்க்குக்குத் தலைப்புக் கொடுக்க ஒரு இடம் விட்டிருந்தது.

அவள் வெளியே எடுத்தாள். துடைத்தாள். மறுபடி போட்டாள். அதே கட்டம். எடை மிஷின் டிஸ்க்கைப் போட்டாள். படித்தது. ஸ்கேன் டிஸ்க்கைப் போட்டாள். காலி. லேப்டாப்பை அணைத்து மறுபடி எழுப்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தாள். நாலாம் தடவை நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி சொல்லுது அது? படம் எங்க?"

கண்ணாடிக்காரி எழுந்து போய், அவர் வாடிக்கைக்காரர் விவரங்களைப் பதிந்து வைத்திருந்த ஒரு டிஸ்க்கைத் தேடி எடுத்து வந்தாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்துப் பிடித்தாள். வில்லைமேல் பூசிய பூச்சு எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவளுக்கு இருபது வருஷத்து வேலை. வாடிக்கைக்காரர் டிஸ்க்கில் நடுத்துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நிறம் அடர்ந்திருந்தது, அதன்பின் வெளுத்தது. எழுதிய இடமும் எழுதாத இடமும். ஸ்கேன் டிஸ்க்கில் துளையிலிருந்து விளிம்புவரை ஒரே நிறம்.

அதில் எதையுமே எழுதவில்லை. ஸ்கேன் நிலையத்தில் யாரோ எழுதிவிட்டதாக நினைத்து, வெறும் டிஸ்க்கை உறையில் போட்டு, மேலே பேனாவால் அவர் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிரைவும் கோளாறு. எனவே அவருக்கு டிஸ்க்கின் மேல் சந்தேகமே வரவில்லை. தன் கையில் இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று, தன் டிரைவையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இதைக் கொஞ்சம் பாருடி' என்று அவள் கையில் கொடுத்திருந்தால், ஜன்னல்வரைகூடப் போயிருக்க வேண்டாம். பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள். அப்போது படங்கள் ஸ்கேன் நிலைய மிஷினிலேயே இருந்தன. அரை மணி நேரத்தில் வேறு டிஸ்க் வாங்கியிருக்கலாம்.

"காலி அண்ணி," என்றாள். "இதுல படமே இல்ல. அவங்க எழுதவே இல்ல."

"எழுதலன்னா?"

"வெறும் டிஸ்க்கைக் கொடுத்திருக்காங்க."

நாத்தனார் டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்திருக்கும். சட்டென்று மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அப்ப அங்க போய்க் கேளு. மறுபடி எழுதித் தரச் சொல்லு."

"அழிஞ்சு போச்சு. கேட்டுட்டேன்."

"அப்ப எப்பத் தெரியும், அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு?"

"தெரியாது அண்ணி. இனிமே எப்பவும் தெரியாது."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் தன் முழங்கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடினாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஸ்கேன் எடுத்த இடத்துல ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருந்தாங்க. டிஸ்க் கொடுக்கற ஜன்னலுக்கு வெளியிலயே. 'போட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா'ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ஒரு மணி நேரம். எனக்குத்தான் அதெல்லாம் போடத் தெரியாதே. கேட்டா சிரிப்பாங்கன்னு..." நிறுத்தினாள். "பாத்துட்டேன்னு போட்டுட்டு வந்துட்டேன்."

கண்ணாடிக்காரி திரும்பினாள். "என்ன போட்டுட்டு வந்தீங்க?"

"கையெழுத்து. சரிபாத்து வாங்கிக்கிட்டேன்னு."

ஐந்து மாசமாக இந்த மனுஷியிடம் சொல்ல அவள் தேடிவைத்திருந்த வார்த்தைகளுக்கு அளவில்லை. குளிக்கும்போது, பஸ்ஸில், வில்லையைத் தேய்க்கும்போது, ஒவ்வொன்றாகக் கூர் பார்த்து வைத்திருந்தாள். இப்போது எதிரே ஆள் இருக்கிறாள், நியாயமும் கைக்கு வந்துவிட்டது, ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"ஏதாவது சொல்லு," என்றாள் நாத்தனார். "அத்தனை பேர் முன்னாடி நான் உன்னச் சொன்னேன்ல. இப்ப நீ என்னச் சொல்லு. திட்டு."

"திட்டினா?"

"எனக்கு ஆறும்."

"அதுக்குத்தான் திட்டல," என்றாள் கண்ணாடிக்காரி.

நாத்தனார் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகை வரவில்லை, ஆனாலும் துடைத்தாள். பிறகு கண்ணாடிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில், "யார்கிட்டயும் சொல்லிடாதேடி. சித்தப்பா காதுக்குப் போனா என்னை வீட்டுப் படியேத்த மாட்டாரு. செத்துப்போனவன் வரவா போறான்? நமக்குள்ளயே இருக்கட்டும்," என்றாள்.

கண்ணாடிக்காரி கையை விடுவித்துக்கொண்டாள். நமக்குள். அவள்மேல் போட்ட பழி மட்டும் ஊருக்கெல்லாம்.

"போனை எடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டவங்க எல்லாருக்கும் போன் போடுங்க. ஒவ்வொருத்தரா. டிஸ்க் காலின்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டது நீங்கன்னு சொல்லுங்க. நான் கத்தினதையும் சொல்லுங்க. அதை மறைக்க வேணாம். எல்லாத்தையும் சொல்லுங்க."

"என்னை அவமானப்படுத்தணுமா உனக்கு?"

"ஆமா," என்றாள். பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

நாத்தனார் எழுந்து போய்விடுவாள் என்றுதான் கண்ணாடிக்காரி நினைத்தாள். போகவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சித்தப்பாவின் எண்ணைத் தேடினாள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னதும் போட்டாள்.

"சொல்லும்மா," என்றது சித்தப்பாவின் குரல். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, தம்பி வீட்லேர்ந்து பேசறேன். அந்த டிஸ்க் இருக்குல்ல... இன்னிக்கு அதைத் திறந்து பாத்தோம்."

"எந்த டிஸ்க்கு?"

"அதான் சித்தப்பா, தம்பியோட ஸ்கேன். அன்னிக்கு வீட்ல வெச்சு நான் சொன்னேன்ல, இவ அதைத் திறக்க விடலன்னு..."

"அப்படியா சொன்னே?" சித்தப்பா யோசித்தார். "அன்னிக்கு என்னென்னவோ பேசினீங்க, அழுதீங்க. யாருக்கு ஞாபகம் இருக்கு. ஏன், என்ன அதுல?"

நாத்தனார் நிமிர்ந்து கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். கண்ணாடிக்காரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாசம் அவள் கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. எதிரே வருகிறவர்கள் கண்ணில் அதைத் தேடித் தேடிப் படித்தாள்.

"அதுல ஒரு படமும் இல்ல சித்தப்பா," என்றாள் நாத்தனார். "காலி டிஸ்க்கைக் கொடுத்துட்டாங்க. நான்தான் வாங்கினேன். பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சரி விடும்மா. அதைப் போய் இப்பக் கிளறிக்கிட்டு. போன உசிரு போனதுதான். அவ எப்படி இருக்கா, சாப்பிடறாளா? கொஞ்சம் பாத்துக்க." டி.வி.யின் சத்தம் கூடியது. "வெச்சிடறேன்."

போன் அணைந்தது.

"கேட்டல்ல?" என்றாள் நாத்தனார். "அவருக்கு ஞாபகமே இல்ல. யாருக்கும் இருக்காது. இதுக்கு மேலயும் போடணுமா?"

ஜன்னல் வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தது. கண்ணாடிக்காரி திருப்புளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் செருகினாள்.

"அத்தைக்குப் போடுங்க," என்றாள்.

நாத்தனார் போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, அத்தையின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். எழுத்து தெரியவில்லை, விரல் எங்கெங்கோ பட்டது. போதும் என்று கண்ணாடிக்காரி சொல்லவில்லை.